பெண் மீனை மாற்ற வேண்டாம்

பெண் மீனைக் காம்ஃபா (ஃப்ளவர்ஹார்ன் என்னும் தொட்டி மீனில் ஒரு வகை) ஆணோடு சேர்த்தால் ஒவ்வொரு முறையும் முட்டை இரண்டே நாளில் வெளுத்துப் பூஞ்சை பிடிக்கிறது, பெண்ணை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெண்ணை விடுங்கள், ஆணைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஃப்ளவர்ஹார்ன் கலப்பினம் என்பதால் ஆண்களில் மலடு சகஜம், காம்ஃபாவில் ரொம்பவே அதிகம், தலைப் புடைப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி (கடைக்காரர் தலையைக் காட்டித்தானே விற்கிறார்). ஏற்கெனவே குஞ்சு பொரிக்க வைத்த ஷென் ஷு (இன்னொரு ஃப்ளவர்ஹார்ன் வகை) ஆண் யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்கி, நடுவில் தடுப்பு போட்டுப் பழக விடுங்கள், பெண்ணுக்கு வயிற்றடியில் முட்டையிடும் குழாய் வெளியே இறங்கியதும் தடுப்பை எடுங்கள். முட்டை வெளுக்காமல் தேன் நிறத்தில் தெளிவாக நின்று, மறுநாள் உள்ளே கருமை தெரிந்தால் கருவுற்றுவிட்டது. அப்புறம் விசிறி போல விரியும் வால் எல்லாக் குஞ்சுக்கும் வராது. வால் நன்றாக விரிகிற, முதுகு வளையாத பெண்குஞ்சுகளை அடுத்த ஜோடிக்கென்று தனியே வளருங்கள்.