வாசகர் கேள்வி – பதில்: பட்டியலைப் பார்ப்பதா, சட்டத்தைப் பார்ப்பதா?

கேள்வி: மகளுக்குக் கல்லூரியில் பேச்சுப் போட்டி. நம் பாட்டன்மார் கொண்டுவிற்கப் போன பர்மா, மலேசியா, சிங்கப்பூர், இலங்கையோடு இந்தியாவின் பத்திரிகைச் சுதந்திரத்தை ஒப்பிட வேண்டுமாம். எங்கே தொடங்குவது? – வாசகி, காரைக்குடி

பதில்: பெரும்பாலோர் எடுப்பது 'எல்லைகளற்ற செய்தியாளர்கள்' அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் 180 நாடுகளின் தரவரிசைப் பட்டியலைத்தான். 2025இல் மலேசியா 88, சிங்கப்பூர் 123, இலங்கை 139, இந்தியா 151, மியான்மர் 169. இதை மட்டும் ஒப்பித்தால் எதிரணி மடக்கிவிடும். 2023இல் 161ஆம் இடத்தில் இருந்த இந்தியா 2024இல் 159க்கு வந்தது. பார்த்தால் முன்னேற்றம். ஆனால் நூற்றுக்கு 36.62ஆக இருந்த மதிப்பெண் அதே ஆண்டில் 31.28ஆக இறங்கியது. முன்னால் நின்ற சில நாடுகள் நம்மைவிட வேகமாகச் சரிந்ததால்தான் இடம் ஏறியது. ஆகவே இடத்தோடு மதிப்பெண்ணையும் குறிக்கச் சொல்லுங்கள். அரசியல், பொருளாதாரம், சட்டம், சமூகம், பாதுகாப்பு என ஐந்து தலைப்புகளில் தனித்தனி மதிப்பெண்ணும் உண்டு. கணக்கிடும் முறை 2022இல் மாறியது. அதற்கு முந்தைய எண்களோடு முடிச்சுப் போட வேண்டாம்.

அடுத்து, பத்திரிகை நடத்த யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று பாருங்கள். உண்மையான வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. மலேசியாவில் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்துறை அமைச்சர் உரிமம் தர வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் விதி 2012இல்தான் நீங்கியது. சிங்கப்பூரின் 1974ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நுணுக்கமானது. பத்திரிகை நிறுவனத்தில் 'நிர்வாகப் பங்கு' என்று ஒரு வகையை உண்டாக்கி, இயக்குநரையும் ஊழியரையும் நியமிக்கவோ நீக்கவோ வாக்கெடுக்கும்போது அந்தப் பங்கு ஒன்றுக்கு 200 ஓட்டு என்று வைத்தார்கள். சாதாரணப் பங்குக்கு ஒரே ஓட்டு. நிர்வாகப் பங்கை அரசு ஒப்புதல் பெற்றவர்தான் வைத்திருக்க முடியும். பங்குக் கணக்கு தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பர்மாவில் 2012இல் முன்தணிக்கை நீங்கி, 2013இல் தனியார் நாளிதழ்கள் வந்தன. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மார்ச்சிலேயே ஐந்து ஊடகங்களின் உரிமம் ரத்து. எட்டே ஆண்டில் எல்லாம் பறிபோனது, பெருங்கொடுமை.

கேள்வி: இந்தியாவில் லைசென்ஸ் கிடையாதே, பதிவு மட்டும்தானே? பிறகு ஏன் 151? – வாசகர், தேவகோட்டை

பதில்: சரிதான், இங்கே பதிவுதான். அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பிரிவில் 'பத்திரிகை' என்று தனியாக இல்லை. பேச்சுரிமைக்குள் அதுவும் அடங்கும் என்று நிலைநாட்டியது நீதிமன்றம். 'கிராஸ் ரோட்ஸ்' இதழ் மாநிலத்துக்குள் வரக்கூடாதென்று சென்னை அரசு போட்ட தடையை உச்ச நீதிமன்றம் 1950இல் ரத்து செய்தது. மறு ஆண்டே அரசியல் சட்டத்தைத் திருத்திப் பேச்சுரிமைக்கான வரம்புகளைக் கூட்டினார்கள்.

இன்று நெருக்கடி வருவது வேறு வழியில். அவதூறு இங்கே இன்னும் கிரிமினல் குற்றம், இரண்டாண்டு வரை சிறை. தண்டனை கிடைக்காவிட்டாலும், வெளியூர்க் கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு அலைவதே சிறு பத்திரிகையை முடக்கிவிடும். சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான உபாவில் கைதானால் ஜாமீன் குதிரைக்கொம்பு. அரசு விளம்பரத்தை நம்பிப் பிழைக்கும் இதழ், அது நின்றால் அச்சுக்கூலிக்கே திண்டாடும். மகள் ஒப்பிடும்போது இந்த மூன்றையும் ஒவ்வொரு நாட்டுக்கும் கேட்டுப் பார்க்கட்டும்.

கேள்வி: வெள்ளைக்காரர் காலத்தில் காரைக்குடியிலிருந்து 'குமரன்', 'ஊழியன்' இதழ்கள் எல்லாம் வந்தனவே, அப்போது கட்டுப்பாடு எப்படி? – வாசகர், கானாடுகாத்தான்

பதில்: 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சிடுபவரும் வெளியிடுபவரும் மாஜிஸ்திரேட் முன் உறுதிமொழி தர வேண்டும். 1931ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின், அரசு கேட்டால் ஜாமீன்தொகை கட்ட வேண்டும். எழுத்து பிடிக்காவிட்டால் பணம் பறிமுதல். பத்திரிகைக்கு மட்டுமல்ல, அதை அச்சடித்த அச்சகத்துக்கும் அதே கதிதான்.