உண்ணிக்கடி மூட்டு வீக்கமும் ஆய்வுக்கூடச் சுண்டெலியும்: பெங்களூரு தமிழர்களின் கேள்விகளுக்குப் பதில்

(பதில் சொல்பவர் கால்நடை நோய்க்குறியியல் படித்தவர், உண்ணிக்கடியால் பரவி மூட்டை வீங்கவைக்கக்கூடிய பாக்டீரியா நோயான லைம் நோயைச் சுண்டெலிகளில் ஆராய்கிறவர்.)

கேள்வி (ஜாலஹள்ளி): மேடம், மூட்டுவலி மனிதனுக்கு. எலியை ஏன் ஆராய வேண்டும்?

பதில்: வாரா வாரம் நோயாளியின் முழங்காலைத் திறந்து பார்க்க முடியாது. அது ஒரு காரணம். என்னை இந்தத் துறையில் கட்டிப்போட்டது வேறு. பொரேலியா பர்க்டார்ஃபெரி என்ற அதே பாக்டீரியாவை, அதே அளவில், இரண்டு வகைச் சுண்டெலிகளுக்குச் செலுத்துகிறோம். சி3எச் வகைக்குக் கணுக்கால் நன்றாக வீங்கும். சி57 பிளாக் 6 வகைக்கு லேசாகத்தான். பிந்தையதன் மூட்டிலும் பாக்டீரியா ஏராளமாக இருக்கலாம், ஆனாலும் வீக்கம் குறைவு. அப்படியென்றால் கிருமி மட்டும் காரணமில்லை, அதற்கு உடல் காட்டும் எதிர்ப்பும் சேர்ந்துதான் மூட்டைக் கெடுக்கிறது.

மயக்க மருந்து கொடுத்து, கணுக்காலின் தடித்த இடத்தில் காலிப்பர் வைத்து அளப்போம். வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குள்தான். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கதை தெளிவாகும்: தசைநாண் உறை தடித்திருக்கும், சுற்றிலும் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் குவிந்திருக்கும். மூன்று, நான்கு வாரத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே தணியும். நோயெதிர்ப்புச் செல்களான டி, பி செல்கள் இல்லாத ஸ்கிட் வகை எலிக்கும் மூட்டு வீங்கும், ஆனால் தணியாது. வீக்கத்தைத் தொடங்க அந்தச் செல்கள் தேவையில்லை, அடக்கத்தான் தேவை.

ஒன்றை மறக்காதீர்கள்: எலியில் பார்த்ததை மருந்துச் சீட்டாக்கக் கூடாது.

கேள்வி (இந்திரா நகர்): எங்கள் நாய்மேல் உண்ணி. லைம் வருமா?

பதில்: நம் ஊர் நாய்களில் பெரும்பாலும் இருப்பது பழுப்பு நாய் உண்ணி. அது எர்லிக்கியா, பேபிசியா என்ற வேறு கிருமிகளைப் பரப்பும். லைமைப் பரப்புவது இக்சோடஸ் வகை உண்ணி. கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நெருப்பு வேண்டாம், மண்ணெண்ணெய் வேண்டாம். பிறகு கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி (ஒயிட்ஃபீல்டு): அமெரிக்கக் காட்டு எலிக்கும் மூட்டு வீங்குமா?

பதில்: அங்குள்ள வெண்கால் எலி அந்தப் பாக்டீரியாவைச் சுமந்தும் பெரிதாக நோயுறுவதில்லை. அதனால்தான் எளிதில் நோயுறும் வகையை ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கிறோம்.

கேள்வி (எச்.எஸ்.ஆர். லேஅவுட்): ஆன்டிபயாடிக் கொடுத்த எலியிலும் பாக்டீரியாவின் டிஎன்ஏ மிஞ்சியதே! அப்படியானால் மாதக்கணக்கில் மருந்து எடுத்தால் என்ன?

பதில்: டிஎன்ஏ இருந்தால் உயிருள்ள கிருமி இருக்கிறது என்று பொருளில்லை. மனிதர்களில் நடந்த சோதனையைப் பாருங்கள்: 2016-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், லைமுக்குப் பிறகும் தொல்லை நீடித்தவர்களுக்கு இரண்டு வாரச் சிகிச்சை போக இன்னும் 12 வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரையைவிட மேலான பலன் எதுவும் கிடைக்கவில்லை.

அதே நண்பர்: ஆனால் மருந்துக்குப் பிறகும் சிலருக்கு மூட்டு வீங்குகிறதே?

பதில்: வீங்குகிறது, அது நல்ல கேள்வி. 2019-இல் வெளியான ஓர் ஆய்வு அத்தகையோரின் மூட்டு நீரில் பாக்டீரியாச் சுவரின் பெப்டிடோகிளைக்கானைக் கண்டது. சுண்டெலிக்கு அதைச் செலுத்தியபோதும் மூட்டு வீங்கியது. இதில் எனக்கு மிகுந்த நம்பிக்கை. கிருமி செத்த பிறகும் அதன் குப்பை எதிர்ப்பைத் தூண்டுகிறது என்றால், இன்னும் ஆன்டிபயாடிக் ஊற்றி என்ன பயன்? வீக்கத்தை அடக்கும் வழியைத்தான் தேட வேண்டும். இந்த வேறுபாடு புரியாமல் வருடக்கணக்கில் மருந்து எடுப்பவர்கள் வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மறுபடியும் சொல்கிறேன், எலியில் பார்த்ததை மருந்துச் சீட்டாக்க வேண்டாம்.

கேள்வி (ஜெயநகர்): எங்கள் நாய்க்கும் உண்ணி...

பதில்: இந்திரா நகர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (மல்லேஸ்வரம்): சிவமொக்காவின் குரங்குக் காய்ச்சலும் இதுதானா?

பதில்: இல்லை. 1957-இல் க்யாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட அது வைரஸ்.

கேள்வி (கோரமங்களா): எலிகளைத் துன்புறுத்துவது பாவமில்லையா?

பதில்: அந்தக் கேள்வி எங்களை விடுவதே இல்லை. நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதிக்காமல் ஓர் எலியைக்கூடத் தொட முடியாது. வலி எல்லை மீறினால் சோதனையை அங்கேயே முடிக்க வேண்டும். உயிருள்ள மூட்டில் நடப்பதைத் தட்டில் வளர்க்கும் செல்களில் முழுதாகக் காண முடியாது என்பதால்தான் செய்கிறோம்.

கேள்வி (கே.ஆர்.புரம்): காய்ச்சலுக்குப் பிறகு அம்மாவுக்கு முழங்கால் வீக்கம். லைமா? டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் தரலாமா?

பதில்: தராதீர்கள். நம் ஊரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது சிக்குன்குன்யா. மூட்டுவாத மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள்.