செயற்கைப் படங்களும் சிசிடிவி கேமராவும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: சிசிடிவி வீடியோவில் ஆட்களைக் கண்டுபிடிக்கும் டிடெக்டரை, அதாவது ஏஐ மாடலைப் பயிற்றுவிக்க, கம்ப்யூட்டரில் உருவாக்கிய செயற்கைப் படங்கள் எத்தனை போதும்?

எந்தக் கேமரா, எவ்வளவு உயரம், பகலா இரவா, எதுவுமே சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் கேட்டால் நான் என்ன சொல்ல? சரி, பொதுவாகச் சொல்கிறேன். ஐயாயிரத்தில் தொடங்குங்கள், இரண்டு மடங்காக்கிப் பாருங்கள், நிஜ வீடியோவில் மதிப்பெண் ஏறுவது நின்றதும் நீங்களும் நிறுத்திக்கொள்ளுங்கள். 2017இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜிடிஏ 5 வீடியோ கேம் காட்சிகளை மட்டுமே வைத்துப் பயிற்றுவித்த கார் டிடெக்டர், சிட்டிஸ்கேப்ஸ் என்ற தெருப்படத் தொகுப்பின் சுமார் 3,000 நிஜப் படங்களில் கற்ற மாடலை, கிட்டி என்ற இன்னொரு நிஜத் தெருப்படத் தொகுப்பில் சோதித்தபோது முந்தியது. ஆனால் அதற்கு நிஜப் படங்களைப் போலப் பல மடங்கு தேவைப்பட்டது, 2 லட்சம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். உங்களிடம் ஒரே ஒரு தெருவின் 3டி மாடல்தான் இருக்கிறது என்றால் 2 லட்சம் போட்டும் பிரயோசனமில்லை.

கேள்வி: ரெடிமேட் மாடல் ஆட்டோவைக் கார் என்கிறது, சில நேரம் லாரி என்கிறது. என்ன செய்யலாம்?

ரெடிமேட் மாடல்கள் பெரும்பாலும் கற்கும் கோகோ படத் தொகுப்பின் 80 வகைகளில் ஆட்டோ கிடையாது, பாவம், அது என்ன செய்யும்? ஹைதராபாத் ஐஐஐடி பங்கேற்று உருவாக்கிய இந்தியா டிரைவிங் டேட்டாசெட்டில் ஆட்டோ தனி வகையாகவே இருக்கிறது. ஆனால் அது காரில் பொருத்திய கேமரா பார்த்தது, உங்களுடையது கம்பத்து உச்சியிலிருந்து கூரையைப் பார்ப்பது. அதனால் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஆட்டோவை அந்த உயரத்திலிருந்தே ரெண்டர் செய்யுங்கள் (3டி மாடலிலிருந்து படமாக்குங்கள்), அல்லது உங்கள் வீடியோவிலேயே ஆட்டோக்களை வெட்டி வேறு ஃப்ரேம்களில் ஒட்டுங்கள். ஒட்டினால் விளிம்பு காட்டிக்கொடுக்கும், மாடல் ஆட்டோவை விட்டுவிட்டு அந்த வெட்டுத் தழும்பைக் கற்றுக்கொள்ளும். கார்னகி மெலன் ஆய்வாளர்கள் 2017இல் சொன்ன வழி எளிமையானது: ஒரே படத்தை ஒருமுறை விளிம்பை மங்கலாக்கி, ஒருமுறை நிறம் பின்னணியோடு இயல்பாகச் சேரும் பாய்ஸான் முறையில் கலந்து, ஒருமுறை அப்படியே வெட்டி ஒட்டி, எல்லாவற்றையும் பயிற்சிக்குக் கொடுப்பது. தூரத்துக்கு ஏற்ற அளவில் ஒட்டுங்கள். போன மாதம் ஒருவர் அனுப்பிய மாதிரிப் படத்தில் ஆட்டோ காம்பவுண்டு சுவர் மேல் நின்றது.

கேள்வி: அன்ரியல் கேம் எஞ்சினில், ஒளி பட்டுத் தெறிப்பதைக் கணக்கிடும் ரே டிரேசிங்கோடு 4கே தரத்தில் சுமார் 40,000 படங்கள் ரெண்டர் செய்தோம். பகலில் சுமார், இரவில் ஆளே சிக்கவில்லை. இன்னும் தத்ரூபமாக ரெண்டர் செய்ய வேண்டுமா?

வேண்டாம், வேண்டவே வேண்டாம். இதே கடிதம் ஆள் மாற்றி ஆள் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது, எல்லோரும் கிராஃபிக்ஸ் கார்டுக்குச் செலவழிக்கிறார்கள், கேமரா என்ன பார்க்கிறது என்று உட்கார்ந்து பார்க்க மட்டும் யாருக்கும் நேரமில்லை.

கணக்குப் போடுவோம். 2.8 மி.மீ. லென்ஸ் போட்ட 1080பி கேமரா 20 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 50 மீட்டர் அகலத்தைக் காட்டும். 1,920 பிக்சலை 50ஆல் வகுத்தால் மீட்டருக்கு 40 பிக்சல்கூட இல்லை, நிற்கிற ஆள் 60 சொச்சம் பிக்சல் உயரம். அந்தப் படத்தை மாடலுக்காக 640 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் மிஞ்சுவது 20 பிக்சல். அந்த 20 பிக்சல் ஆளுக்குத்தான் நீங்கள் சட்டைப் பொத்தான் வரை மினுமினுக்க வைத்திருக்கிறீர்கள்.

இரவு இன்னும் மோசம். இன்ஃப்ராரெட் விளக்கில் கறுப்புச் சட்டை பல நேரம் வெளுத்துத் தெரியும், செடிகொடியெல்லாம் பளீரென்று வெள்ளையாகும், நம்பர் பிளேட் வெறும் ஒளித் திட்டாகிவிடும். பகல் காட்சியைக் கறுப்பு வெள்ளையாக்கினால் இது எதுவும் வராது, மெட்டீரியலின் பிரதிபலிப்பையே மாற்ற வேண்டும். ஷட்டர் 1/25 நொடி என்றால் 36 கி.மீ. வேகத்தில் போகும் பைக் ஒரே ஃப்ரேமுக்குள் 40 செ.மீ. நகர்ந்துவிடும். இரைச்சலைக் குறைக்கிறேன் என்று கேமரா முந்தைய ஃப்ரேம்களையும் சேர்த்துக் குழைப்பதால் நடப்பவருக்குப் பின்னால் நிழல்போல ஒரு வால் வரும். அதற்கும் மேல் எச்.264 வீடியோச் சுருக்கம் குறைந்த பிட்ரேட்டில் (நொடிக்கு இவ்வளவு டேட்டா என்ற அளவில்) இருட்டுப் பேன்ட்டைச் சுவரோடு கரைத்துவிடும்.

ஆகவே ரெண்டரைக் குறைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு கேமராவுக்குள் படத்துக்கு நடப்பதைச் செய்யுங்கள்: முதலில் மங்கல், பிறகு இரைச்சல், இரைச்சல் நீக்கம், செயற்கைக் கூர்மை, கடைசியில் சுருக்கம், இந்த வரிசை மாறக் கூடாது. ஜேபெக் தரத்தைக் குறைத்துவிட்டு சுருக்கம் முடிந்தது என்று எழுதாதீர்கள். வீடியோச் சுருக்கத்தில் ஒரு ஃப்ரேமின் அழுக்கு அடுத்த ஃப்ரேமுக்கும் போகும், முழுப் படமாகவே வரும் கீஃப்ரேம் வந்ததும் பட்டென்று துலங்கும். காட்சியைத் தொடராக ரெண்டர் செய்து, உங்கள் கேமராவின் அதே பிட்ரேட்டில், அதே கீஃப்ரேம் இடைவெளியில் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருள் வழியே அனுப்பி, அதிலிருந்து ஃப்ரேமை எடுங்கள்.

இன்னொன்று, மாடல் முழுத் தர மெயின் ஸ்ட்ரீமைப் பார்க்கிறதா, கேமரா கூடவே அனுப்பும் சிறிய சப்ஸ்ட்ரீமையா? பல கேமராக்களின் சப்ஸ்ட்ரீம் 704x576. 16:9 காட்சியை அதற்குள் அமுக்கினால் ஆட்களெல்லாம் மூன்றில் ஒரு பங்கு ஒல்லியாகிவிடுவார்கள். உங்கள் ரெண்டரில் அவர்கள் கும்மென்று இருப்பார்கள், மாடல் குழம்பத்தான் செய்யும்.

கேள்வி: எங்கள் மாடல் எம்ஏபி என்ற கண்டறிதல் மதிப்பெண்ணில் 97 சதவீதம் எடுத்தது, தளத்தில் வைத்ததும் சொதப்புகிறது.

டெஸ்ட் படங்களும் அதே ஜெனரேட்டரில் செய்ததுதானே? கேள்வித்தாளை நீங்களே தயாரித்து நீங்களே எழுதினால் 97 வராமல் என்ன செய்யும்? டெஸ்டுக்கு நிஜ வீடியோ, நிஜ வீடியோ மட்டுமே. அதிலும் ஒரே வீடியோவின் ஃப்ரேம்களைக் குலுக்கி பயிற்சி, டெஸ்ட் என்று ரெண்டு பக்கமும் போடாதீர்கள். கேமரா வாரியாக, நாள் வாரியாகப் பிரியுங்கள்.

கேள்வி: ரெண்டரிலிருந்து, ஆள் இருக்கும் இடத்தைக் காட்டும் பாக்ஸ் தானாகவே கச்சிதமாக வருகிறது, அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. சுவருக்குப் பின்னால் முழுசாக மறைந்து நிற்கும் ஆளுக்கும் அது பாக்ஸ் போடும். எவ்வளவு தெரிகிறது என்று செக்மென்டேஷன் மாஸ்க்கில் (எந்தப் பிக்சல் யாருடையது என்று காட்டும் படத்தில்) எண்ணி, கால்வாசிக்கும் குறைவாகத் தெரிந்தால் அந்த பாக்ஸைத் தூக்குங்கள். சில பிக்சலே இருக்கும் ஆட்களையும்தான்.

கேள்வி: எழுத்தைப் படமாக்கும் டிஃப்யூஷன் ஏஐ மாடலில் எழுதிக் கொடுத்தால் படம் வந்துவிடுகிறதே, 3டி எதற்கு?

படம் வரும், எது எங்கே இருக்கிறது என்ற லேபிள் வராது. மூலப் படத்தின் அமைப்பைப் பின்பற்ற வைக்கும் கன்ட்ரோல்நெட் வைத்து ரெண்டரின் மேல் நிறம் பூசினாலும் கூட்டத்தில் ஓரிரு ஆள் காணாமல் போவார், இல்லாத ஆள் முளைப்பார், பாக்ஸ் பழைய இடத்திலேயே நிற்கும். பின்னணியை மாற்ற, மழையும் பனியும் சேர்க்க நன்றாக உதவும். ஆளிருக்கும் பகுதியைத் தொடாதீர்கள், தொட்டால் கண்ணால் சரிபாருங்கள்.

கேள்வி: தனியுரிமைச் சிக்கல் வேண்டாம் என்று நிஜ ஆட்களே இல்லாமல் முழுக்கச் செயற்கையாகவே முடிக்கலாமா?

பயம் நியாயமானது. வளாகத்தில் நடந்தவர்களைப் படம்பிடித்துத் தொகுத்த டியூக் பல்கலைக்கழகத்தின் தொகுப்பு 2019இல் விலக்கிக்கொள்ளப்பட்டது, 2021இல் வந்த மாட்சிந்த் என்ற ஆட்கள் படத் தொகுப்பு முழுக்க வீடியோ கேம் காட்சிகளிலிருந்தே செய்யப்பட்டது. பயிற்சிக்குச் செயற்கை சரி. டெஸ்டுக்கு, மறுபடியும் சொல்கிறேன், நிஜ வீடியோ. உங்கள் ஊழியர்களிடமே எழுத்தில் சம்மதம் வாங்கி, இரவில் கேட் முன்னால் நடக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அப்புறம், வீடியோ கேம் காட்சிகளை விற்பனைச் சரக்கில் பயன்படுத்தும் முன் உரிமத்தைப் படியுங்கள்.

கேள்வி: நிஜமும் செயற்கையும் எந்த விகிதத்தில்?

செயற்கையில் முதலில் பயிற்றுவித்து, பிறகு சில நூறு நிஜப் படங்களில் குறைந்த லேர்னிங் ரேட்டில் (கற்கும் வேகத்தைக் குறைத்து) ஃபைன்ட்யூன், அதாவது மேல்பயிற்சி. என்விடியா குழு 2018இல் கார்களை வைத்துச் செய்து பார்த்ததில், நிஜப் படம் மட்டும் கற்ற மாடலைவிட இந்த முறை நன்றாக வந்தது.

கேள்வி: இரவானால் சிலந்தியை ஆள் என்று அலாரம் அடிக்கிறது!

ஆளே இல்லாத ஃப்ரேம்களை, லென்ஸ் முன் வலையும் விட்டில்பூச்சியும் மழைக்கோடும் உள்ளதாகப் பார்த்து, பாக்ஸ் போடாமல் பயிற்சியில் சேருங்கள். இதை ரெண்டர் செய்து மெனக்கெட வேண்டாம், உங்கள் கேமராவே தினமும் இலவசமாகத் தருகிறது. லென்ஸைத் துடைக்கவும் ஆள் அனுப்புங்கள்.