ஏதாவது தெரிகிறதா?

அன்புள்ள ஐயா,

தினமும் காலையில் அன்றைய நற்செய்தி வாசகத்தையும் அதற்கான சிந்தனையையும் செல்பேசியில் படிக்கிறேன். பல வருடப் பழக்கம். படிக்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஏற்கெனவே கேட்ட சந்தேகத்தை மறுபடி கேட்டால் எரிந்து விழுகிறேன். மதியத்துக்குள் காலையில் படித்தது என்னவென்றே மறந்துபோகிறது. ஒவ்வொரு வருடமும் அதே வாசகங்கள்தான் திரும்ப வருகின்றன. சிந்தனைகளும் ‘நாமும் மன்னிப்போம், நாமும் பகிர்வோம்’ என்றே முடிகின்றன. இத்தனை வருடம் படித்தும் நான் மாறவில்லை. நிறுத்திவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்தாதீர்கள். படிக்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்.

முதலில் அந்த ‘அதே வாசகங்கள்’. பொதுக்காலத்தின் (தவக்காலம், கிறிஸ்துமஸ் போன்ற சிறப்புக் காலங்கள் போக மீதியுள்ள வாரங்கள்) வார நாள்களில், திருப்பலியில் நற்செய்திக்கு முன் வரும் முதல் வாசகம் ஒற்றைப்படை ஆண்டுக்கு ஒன்று, இரட்டைப்படை ஆண்டுக்கு ஒன்று என்று மாறும். நற்செய்தி ஆண்டுதோறும் அதேதான்: 1 முதல் 9 வாரங்கள் மாற்கு, 10 முதல் 21 வரை மத்தேயு, 22 முதல் 34 வரை லூக்கா. விவிலியத்தின் செல்வத்தை மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவிட வேண்டும் என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் கேட்டது. அதைத் தொடர்ந்து 1969-இல் வந்த ஒழுங்கு இது. நற்செய்தியாளர் எழுதிய வரிசையிலேயே, பெரும்பாலும் தொடர்ச்சியாக வாசிக்க வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். நாமோ அதைத் தினமும் துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பாடம் சொல்லி முடித்துவிடுகிறோம். நேற்றைய வாசகம் எங்கே நின்றது, நாளை எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை. படித்தது மதியத்துக்குள் மறந்துபோவதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

பொதுக்காலம் 6-ஆம் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய தவக்காலம் சீக்கிரம் வரும் ஆண்டுகளில் இதன் சில நாள்கள் விட்டுப்போகும், அப்போது விவிலியத்திலிருந்தே படிக்கலாம். செவ்வாய்க்கிழமை, படகில் அப்பம் இல்லையே என்று கவலைப்படும் சீடர்களிடம், கண் இருந்தும் காண்பதில்லையா, இன்னுமா புரியவில்லை என்று இயேசு கேட்கிறார். புதன்கிழமை, பெத்சாய்தாவில் ஒரு பார்வையற்றவர். இயேசு அவர் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிப்போகிறார், கண்களில் உமிழ்ந்து கைகளை வைக்கிறார். பிறகு, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். மனிதர்கள் தெரிகிறார்கள், ஆனால் மரங்களைப் போல இருக்கிறார்கள், நடக்கிறார்கள் என்கிறார் அவர். இயேசு மறுபடியும் கைகளை வைத்த பிறகுதான் எல்லாம் தெளிவாகிறது.

இரண்டு கட்டமாக நடக்கும் குணமாக்கல் நற்செய்திகளில் இது ஒன்றுதான், அதுவும் மாற்கில் மட்டும். ஏன் இரண்டு முறை? இயேசுவின் வல்லமை குறைந்துவிட்டதா என்று குழம்ப வேண்டாம், மறுநாள் வாசகத்துக்குப் போங்கள். பிலிப்புச் செசரியாவில் சீடர் பேதுரு இயேசுவிடம், நீர் மெசியா, அதாவது கடவுள் வாக்களித்த மீட்பர், என்று அறிக்கையிடுகிறார். அடுத்த நிமிடமே, தம் பாடுகளை, அதாவது தாம் துன்புற்று இறக்கப்போவதைப் பற்றி இயேசு பேசியதற்காக அவரைக் கடிந்துகொண்டு, ‘சாத்தானே’ என்று திட்டும் வாங்குகிறார். மெசியா தெரிகிறார், சிலுவை தெரியவில்லை. முந்தைய நாள் அந்த மனிதர் இருந்த அதே அரைப் பார்வையில்தான் பேதுருவும் நிற்கிறார். அதற்காக இயேசு அவரை விட்டுவிட்டுப் போகவில்லை. எருசலேமை நோக்கிய அந்தப் பயணம் முழுவதும் கூடவே வைத்துக்கொள்கிறார்.

இதில் என்னை மிகவும் தொடுவது அந்தப் பார்வையற்றவரின் பதில். மரியாதைக்காக, ‘தெரிகிறது ஆண்டவரே, நன்றி’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்லவில்லை. இன்னும் சரியாகத் தெரியவில்லை என்பதைத் தன்னைத் தொட்டவரிடமே சொல்கிறார். நம் தினசரிச் சிந்தனைகள் பலவற்றில் இந்த நேர்மைக்கு இடமே இல்லை. நாலாவது பத்தியில் எல்லாம் தெளிந்து, தீர்மானம் எடுத்து, வரம் கேட்டு முடிந்துவிடுகிறது. படிக்கிறவர், தனக்கும் தெளிந்துவிட்டதாக நம்பி அலுவலகத்துக்குக் கிளம்புகிறார். மாறவில்லை என்று நீங்கள் எழுதியதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. பெத்சாய்தாக்காரர் சொன்ன பதில் அது. அதை எனக்கு எழுதியதுபோல ஜெபத்தில் இயேசுவிடமும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அந்தப் பக்கத்து இருக்கைக்காரர். எரிச்சல் வரும் நேரத்தில் ‘மரம் மாதிரி நிற்கிறார்’ என்றுதானே திட்டத் தோன்றும்? கோபத்தில் நமக்கு மனிதர் தெரிவதில்லை, குறுக்கே நிற்கும் ஏதோ ஒன்றுதான் தெரிகிறது. அவர் ஏன் அதே சந்தேகத்தை மறுபடி கேட்கிறார்? முதல் தடவை சொன்னது புரியவில்லையா, தவறு செய்துவிடுவோமோ என்ற பயமா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா? ‘பொறுமையாக இருப்போம்’ என்ற பொதுத் தீர்மானத்தால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டால் முடியும். ஒரு நாள் கேளுங்கள்.

படிக்கும் முறைக்கு ஒரே ஒரு யோசனை. சிந்தனையைத் திறப்பதற்கு முன் வாசகத்தை மெதுவாக இரண்டு தடவை படியுங்கள். நேற்றையதையும் ஒரு பார்வை பாருங்கள். எந்த வரி இடறுகிறதோ, எது பிடிக்கவில்லையோ, அங்கேயே நில்லுங்கள். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தம் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில், ஆறுதல் கிடைத்த இடத்துக்கு மட்டுமல்ல, மனம் வறண்டுபோன இடத்துக்கும் திரும்பிப் போகச் சொல்கிறார். ஆண்டுதோறும் அதே வாசகம் வருவது அதற்கு எவ்வளவு நல்ல வாய்ப்பு! சிந்தனையை அதற்குப் பிறகு படியுங்கள், நேரமில்லாத நாளில் விட்டுவிடுங்கள். வாசகத்தை மட்டும் விடாதீர்கள்.

8-ஆம் வாரம் வியாழக்கிழமை எரிகோவில் இன்னொரு பார்வையற்றவர் வருகிறார், பர்த்திமேயு. இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் மாற்கு இயேசுவின் பாடுகளைப் பற்றிய மூன்று முன்னறிவிப்புகளையும் வைத்திருக்கிறார். 8-ஆம் அதிகாரம் 22-ஆம் வசனத்திலிருந்து 10-ஆம் அதிகாரத்தின் முடிவுவரை ஒரு ஞாயிறு மாலையில் ஒரே மூச்சில் படித்துவிட்டு, பேதுருவைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றியது என்று எழுதுங்கள்.