சைக்கிள் டிஸ்க் பிரேக் கேள்வி-பதில்: ஒயில் போத்தலைத் திறக்குமுன் லீவர் மூடியைப் பாருங்கள்

கே: ஹப்புத்தளைக்கு ரயிலில் கொண்டுபோக முன் சக்கரத்தைக் கழற்றினேன். அங்கே திரும்பப் பூட்டப் பார்த்தால் டிஸ்க் கலிப்பருக்குள் (டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) போகவே இல்லை. பழுதா? (தெஹிவளை)

ப: பழுதில்லை. சக்கரம் இல்லாத நேரத்தில் பிரேக் லீவர் அழுத்துப்பட்டிருக்கிறது. நடுவில் டிஸ்க் இல்லாததால் பிஸ்டன்கள் வெளியே வந்து பேடுகளை (டிஸ்கில் உராயும் கட்டைகள்) ஒட்டவைத்துவிட்டன. பேடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் டயர் லீவரை விட்டு மெதுவாக விலக்குங்கள். பேடைக் கழற்றிவிட்டு பிஸ்டனை ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப வேண்டாம், செராமிக் பிஸ்டன் விரிசல் விடும். அடுத்த முறை கலிப்பருக்குள் ஒரு காட்போட் மட்டைத் துண்டைச் செருகிவிட்டுப் பயணம் போங்கள். சக்கரம் கழன்றிருக்கும்போது லீவரைத் தொடாதீர்கள்.

கே: ஓடும்போது உரசல் சத்தம் வருகிறது. (வத்தளை)

ப: முதலில் சக்கரம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறமும் விடாமல் உரசினால் கலிப்பர் நடுவில் இல்லை. அதன் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, லீவரை இறுக்கிப் பிடித்தபடி, மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் போதும். சுற்றுக்கு ஒரு தடவை மட்டும் உரசினால் டிஸ்க் வளைந்திருக்கிறது, அதை நிமிர்த்த வேண்டும்.

கே: பிரேக் சரியாகப் பிடிக்குதில்லை. என்ன செய்யலாம்? (கொட்டாஞ்சேனை)

ப: எந்தப் பிரேக்? முன்னா, பின்னா? லீவர் இறுக்கமாக இருந்தும் வண்டி நிற்கவில்லையா, அல்லது லீவர் கைப்பிடி வரை வந்துவிடுகிறதா? முதலாவது என்றால் பெரும்பாலும் பேடில் எண்ணெய் பட்டிருக்கும். இரண்டாவது என்றால் லைனில், அதாவது ஒயில் குழாயில் காற்று, பிளீட் பண்ண (காற்றை வெளியேற்ற) வேண்டும். மாடலைக்கூட எழுதாமல் கேட்டால் இதற்குமேல் சொல்ல முடியாது.

கே: ஷிமானோ பிரேக். லீவர் மெத்தென்று இருந்ததால் பக்கத்துக் கராஜில் கார் பிரேக் ஒயில் விட்டு பிளீட் பண்ணித் தந்தார்கள். கொஞ்ச நாள் அருமையாக இருந்தது. இப்போது லீவரை அழுத்தினால் திரும்பி வருவதில்லை. (வெள்ளவத்தை)

ப: இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனம் நோகிறது, ஏனென்றால் நல்ல பிரேக் ஒன்று வீணாகப் போயிருக்கிறது. ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா எல்லாம் மினரல் ஒயிலில் ஓடுபவை. காருக்கு விடுவது டாட் (DOT) ஒயில். மினரல் பிரேக்கின் ரப்பர் சீல்கள் டாட் பட்டால் ஊதிவிடும், பிஸ்டன் அங்கேயே சிக்கிக்கொள்ளும். முதலில் நன்றாக இருந்ததற்குக் காரணம், சீல் ஊற நாள் எடுக்கும் என்பதுதான். இப்போது மினரல் ஒயிலை விட்டுக் கழுவினாலும் ஊறிய ரப்பர் பழைய அளவுக்கு வராது. லீவர், லைன், கலிப்பர் மூன்றையும் மாற்றுங்கள். பணம் கூடத்தான், ஆனால் உயிர் போகிற இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

மறுபக்கமும் இதே கதைதான். ஸ்ராம் பிரேக்குகளில் பெரும்பாலானவை டாட். அதற்குள் மினரல் ஒயிலை விட்டால் அதன் சீல்களும் கெட்டுப்போகும். ஆனால் ஸ்ராமிலேயே டிபி8, 2024இல் வந்த மேவன் இரண்டும் மினரல். அதனால் கம்பனிப் பெயரை வைத்து முடிவு செய்ய வேண்டாம், லீவர் மூடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் டாட் 3, டாட் 4 கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது என்பதற்காக அதை எல்லாவற்றுக்கும் விட முடியாது. தையல் மெஷின் ஒயில், பேபி ஒயில் எதுவும் வேண்டாம். டாட் 5.1 கேட்டுப்போய் டாட் 5ஐ வாங்கி வராதீர்கள், அது சிலிக்கோன், வேறு சாமான். கராஜ் பாஸை மட்டும் நான் குறைசொல்ல மாட்டேன், அவர் கார் பார்ப்பவர். மூடியைப் படித்துச் சொல்லியிருக்க வேண்டியவர் நீங்கள்.

கே: நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கம் இறங்கும்போது பின் பிரேக் பாதி வழியில் இல்லாமலே போனது. ஆறியதும் சரி. டாட் ஒயில், மூன்று வருடமாக மாற்றவில்லை. (கொள்ளுப்பிட்டி)

ப: மூன்று வருடமா! டாட் ஒயில் ஈரத்தை உறிஞ்சும், கொழும்புக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. புது டாட் 4 கொதிக்க 230 பாகை சூடு வேண்டும், ஈரம் ஏறியதற்கு 155 பாகை அளவே போதும். கொதித்தால் லைனில் ஆவி நிற்கும், லீவரை அழுத்தினால் ஆவிதான் அமுங்கும், பேட் அசையாது. வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், திறந்த போத்தலை மறு வருடத்துக்கு எடுத்துவைக்காதீர்கள். இறக்கத்தில் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் இரண்டையும் அழுத்திப் பிடித்துவிட்டு, ஆறவிடுங்கள்.

கே: செயினுக்கு ஸ்பிரே அடித்த பிறகு பின் பிரேக் கிறீச்சிடுகிறது. (பம்பலப்பிட்டி)

ப: ஸ்பிரே டிஸ்கிலும் பட்டிருக்கிறது. டிஸ்கை ஐசோப்ரோப்பைல் அல்கஹோலால் துடையுங்கள், பேடை எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். அடுப்பில் சுட்டு எடுப்பதெல்லாம் வேண்டாம். செயினுக்குச் சொட்டுச் சொட்டாக விடும் ஒயிலே நல்லது.

கே: புது பேட் போட்டேன், பழையதைவிட மோசம். (மட்டக்குளி)

ப: புது பேடை டிஸ்கோடு பழக்கிப் பதப்படுத்தவில்லை. ஞாயிறு காலை வெறும் தெருவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போய், நடை வேகத்துக்குக் குறையுங்கள், முழுதாக நிறுத்த வேண்டாம். ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு 20 தடவை.

கே: பேட் எத்தனை மாதம் வரும்? (கிருலப்பனை)

ப: மாதக் கணக்கு இல்லை, தடிப்புக் கணக்கு. ஷிமானோ என்றால் உராயும் பகுதி அரை மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றுங்கள். டிஸ்கையும் அளந்து பாருங்கள், 1.5 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டால் அதுவும் போக வேண்டியதுதான்.