கோவில்பட்டியை விட்டுக் கிளம்பலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சம்பளம் 14,000 ரூபாய். கணவர் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில் கணக்காளர். 22,000 ரூபாய் வாங்குகிறார். மாமனார் கட்டிய சொந்த வீடு. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள மாமியார் எங்களோடு இருக்கிறார். மகள் அரசுப் பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சென்னையில் இருக்கும் என் அண்ணன், தனக்குத் தெரிந்த நிறுவனத்தில் என் கணவருக்கு 45,000 ரூபாயில் வேலை இருக்கிறது, மகளை நல்ல தனியார் பள்ளியில் சேர்த்துவிடலாம், அந்த ஊரில் இருந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கிறார். ஒரு மாதமாகத் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுவிட்டேன். பாதிப் பேர் "இந்த ஊரைப் போல வருமா" என்கிறார்கள். பாதிப் பேர் "வாய்ப்பு வந்தால் ஓடிவிடு" என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?
வாசகி, கோவில்பட்டி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டவர்கள் சொன்ன பதில்களை ஒரு தனித்தாளில் எழுதி அனுப்பியிருந்தீர்கள். கடிதத்துக்கு முன்னால் அதைத்தான் படித்தேன். "இந்த ஊரைப் போல வருமா" என்றவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இன்னொருவர் மெயின் ரோட்டில் சொந்தக் கட்டடத்தில் கடை வைத்திருப்பவர். "ஓடிவிடு" என்றவர்களில் ஒருவர் வேலை தேடிச் சலித்துப்போன இளைஞர். இன்னொருவர் பொறியியல் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பக்கத்து வீட்டுப் பெண். இவர்கள் எல்லோரும் ஊரைப் பற்றிச் சொன்னதாக நீங்கள் எடுத்துக்கொண்டு குழம்பிப் போயிருக்கிறீர்கள். அவரவர் தம் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள் என்று வைத்துப் படித்துப் பாருங்கள், குழப்பம் பாதி தீர்ந்துவிடும். மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வந்துவிடுகிறவருக்கு, நெரிசலும் வாடகையும் இல்லாத ஊர் சுகமான ஊர்தான். அதே தெருவில், படித்த படிப்புக்கு ஏற்ற வேலை ஐம்பது மைல் சுற்றளவில் கிடைக்காதவருக்கு அது சிறையாகத் தெரிவதும் நியாயம்தான். இவர்களில் யாருடைய நிலைமை உங்கள் வீட்டு நிலைமைக்குப் பக்கத்தில் வருகிறது என்று பார்த்து, அந்த அளவுக்கு மட்டும் அவர் பேச்சுக்கு எடை கொடுங்கள்.

உங்கள் பட்டியலில் ஒரு வகையினரைக் காணவில்லை. சென்னைக்கோ திருப்பூருக்கோ போய்ச் சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர்களை நீங்கள் கேட்கவே இல்லை. 2020 ஊரடங்கில் வந்து, பிறகு போகாமலே இருந்துவிட்டவர்கள் உங்கள் பக்கத்திலும் இருப்பார்கள். மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சியது என்றும், வீட்டில் ஒருவர் படுத்துவிட்டபோது யார் வந்து நின்றார்கள் என்றும் அவர்களிடம் கேளுங்கள். இரண்டு இடத்தையும் அறிந்தவர்கள் அவர்கள்தான்.

நான் அருப்புக்கோட்டைக்காரன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சென்னையில் இருக்கிறேன். சிற்றூரின் இரண்டு முகங்களையும் நான் ஒரே இரவில் பார்த்தேன். தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு அப்பாவுக்குப் பேச்சு குழறியது. வாய் ஒரு பக்கம் கோணியது. நான் வாசல் விளக்கைப் போட்டு முடிப்பதற்குள் எதிர்வீட்டு ஆட்டோக்காரர், கட்டிய லுங்கியோடு, மேலே சட்டை கூட இல்லாமல் ஓடிவந்து அப்பாவைத் தூக்கிவிட்டார். அடுத்த தெரு டாக்டர் கேட் கதவருகிலேயே டார்ச் அடித்து முகத்தைப் பார்த்துவிட்டு, "ஸ்கேன் எடுக்க வேண்டும், நேரம் போக்காதீர்கள்" என்றார். இந்த அளவு உதவி சென்னையில் எனக்குக் கிடைக்காது. அதற்குப் பிறகு நடந்தது சென்னையில் நடந்திருக்க வேண்டியதில்லை. நாங்கள் போன மருத்துவமனையில் ஸ்கேன் கருவி இருந்தது, அதை இயக்குகிறவர் இல்லை. வந்துவிடுவார், வந்துவிடுவார் என்று விடியும்வரை உட்கார வைத்தார்கள். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நாங்கள் மதுரை போய்ச் சேர்ந்தபோது அந்த நேரம் கடந்திருந்தது. அப்பா பிறகு பதினோரு ஆண்டுகள் இருந்தார், இடது கையால் சாப்பிட்டுக்கொண்டு. ஆட்டோக்காரர் இன்றுவரை அந்த இரவுக்குப் பணம் வாங்கவில்லை. ஊரை உயர்த்திப் பேசுகிறவர்களிடமும் தாழ்த்திப் பேசுகிறவர்களிடமும் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

ஆகவே நீங்கள் இருப்பதானாலும் போவதானாலும், இந்த வாரமே ஒன்றைச் செய்யுங்கள். கோவில்பட்டி அரசு தலைமை மருத்துவமனையிலும் தனியார் மருத்துவமனைகளிலும் இரவு இரண்டு மணிக்கு ஸ்கேன் எடுக்க ஆள் உண்டா என்று நேரில் போய்க் கேட்டு வையுங்கள். இல்லை என்றால், 108-ஐ அழைத்து நேராகத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, மாமியாரின் மருந்துச் சீட்டுகளை ஒரு பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டி வையுங்கள். எங்களுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை.

இனி அண்ணன் சொல்லும் கணக்கு. 22,000 எங்கே, 45,000 எங்கே என்று அவர் ஒப்பிடுகிறார். உங்கள் 14,000 ரூபாயை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. நீங்களும் அதைச் சுட்டிக்காட்டவில்லை என்பது எனக்கு வருத்தம். இன்று உங்கள் வீட்டுக்கு 36,000 ரூபாய் வருகிறது, வாடகை கிடையாது. சென்னைக்குப் போன முதல் மாதத்தில் 45,000 வரும். புறநகரில் இரண்டு அறை வீட்டுக்கு வாடகை 17,000 என்று வைத்தால் மிஞ்சுவது 28,000. அதற்குள்தான் முன்பணம், தனியார் பள்ளிக் கட்டணம், மாமியாரின் மருந்து, கணவரின் போக்குவரத்து எல்லாம். உங்களுக்கு அங்கே ஒரு வேலை கிடைக்கும்வரை நீங்கள் இன்றைவிடக் குறைந்த பணத்தில், இன்றைவிடச் செலவு கூடிய இடத்தில் இருப்பீர்கள். கிடைத்த பிறகு நிலைமை மாறலாம். கிடைக்க எத்தனை மாதம் ஆகும் என்று அண்ணனால் சொல்ல முடியுமா? மேலும், அந்த வேலைக்கு நியமனக் கடிதம் வந்ததாக நீங்கள் எழுதவில்லை. தெரிந்தவர் சொன்ன வாய்ச்சொல்லை நம்பி இருக்கிற வேலையை விடக் கூடாது. வருங்கால வைப்பு நிதி உண்டா, எத்தனை மணி நேர வேலை என்பதெல்லாம் எழுத்தில் வரட்டும்.

தண்ணீரைப் பற்றியும் குறைப்பட்டிருக்கிறீர்கள். சீவலப்பேரியிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீருக்கு நாள் எண்ணிக் காத்திருக்கும் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்காகச் சென்னைக்குப் போகாதீர்கள். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நாங்கள் லாரிக்காகக் குடங்களோடு தெருவில் நின்றோம்.

எனக்கு உண்மையில் பதைப்பாக இருப்பது மகளின் பள்ளி விஷயம். இதை அண்ணன் அறியாமல் சொல்லியிருக்கலாம். நீங்கள் ஆசிரியை, நன்றாக யோசித்துப் பாருங்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அப்படிப் படித்த பெண் உயர்கல்விக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஏழு ஆண்டு ஓட்டத்தில் உங்கள் மகள் நான்காவது ஆண்டில் இருக்கிறாள். இப்போது தனியார் பள்ளியில் சேர்த்தால், அந்த உரிமையை நீங்களே கட்டணமும் கொடுத்துக் கைவிட்டவர்கள் ஆவீர்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை நெருங்கும் பிள்ளையைப் புது ஊரில், ஒருவேளை புதுப் பாடத்திட்டத்திலும் கொண்டுபோய் உட்கார வைப்பதும் சரியில்லை. சென்னைக்குப் போயே ஆக வேண்டும் என்ற நிலை வந்தாலும், அங்கே அரசுப் பள்ளியிலோ மாநகராட்சிப் பள்ளியிலோதான் சேர்க்க வேண்டும். என் கருத்தைக் கேட்டால், அவள் பிளஸ் டூ முடிக்கும்வரை உங்கள் குடும்பம் அந்த வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது.

ஆனால் இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கணவரின் தொழில் நிலையைப் பாருங்கள். தீப்பெட்டியின் விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயாக ஏறியது 2021 டிசம்பரில். அதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் அதே ஒரு ரூபாய்தான். இடையில் மூலப்பொருள்கள் எல்லாம் விலை ஏறின, பிளாஸ்டிக் லைட்டர்கள் வந்து சந்தையைப் பிடித்தன. 2023-இல் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதிக்குத் தடை வந்த பிறகும் அந்தப் போட்டி ஓய்ந்துவிடவில்லை. உங்கள் ஊரில் எத்தனையோ பெண்களின் அடுப்பு எரிவது இந்தத் தொழிலால்தான், அதை மதிக்கிறேன். ஆயினும் அதில் கணக்கு எழுதுகிறவர் இன்னும் இருபது ஆண்டுகள் அதே நாற்காலியை நம்பியிருக்க முடியாது.

அவருக்கு ஜிஎஸ்டி கணக்கு தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். புவிசார் குறியீடு வாங்கிய கடலை மிட்டாய் ஊர் உங்களுடையது. 2020-இல் அந்தக் குறியீடு கிடைத்தது. மிட்டாய் போடும் சிறு தொழிலகங்களுக்கும் கடைகளுக்கும் மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்க ஆள் தேவைப்படும். மாலை நேரத்தில் நான்கைந்து பேருக்குச் செய்து பார்க்கட்டும். அத்தோடு, சென்னை அல்லது கோவில்பட்டி என்று இரண்டே இடங்கள் இருப்பதாக ஏன் நினைக்கிறீர்கள்? தூத்துக்குடியும் திருநெல்வேலியும் உங்களுக்குச் சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கின்றன. தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே அங்கே மினி டைடல் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா வந்துவிட்டது. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் 2011 முதல் இயங்குகிறது. இவற்றில் எல்லோருக்கும் வேலை கிடைக்கும் என்று ஆசை காட்ட மாட்டேன். ஆனால் பெரிய ஆலை ஒன்று வந்தால் அதைச் சுற்றிச் சரக்கு, போக்குவரத்து, உணவு என்று சிறு நிறுவனங்கள் வரும். அவை ஒவ்வொன்றுக்கும் கணக்கு எழுத ஆள் வேண்டும். காலையில் பஸ் ஏறி மாலையில் சொந்த வீட்டுக்குத் திரும்பும் தூரத்தில் 30,000 ரூபாய் கிடைத்தால், அது சென்னையின் 45,000-ஐ விட உங்களுக்குப் பெரிய தொகை. 2011 கணக்கெடுப்பிலேயே நம் மாநில மக்களில் 48 சதவீதம் பேர் நகரங்களில் இருந்தார்கள். அவ்வளவு பேரும் ஒரே பெருநகரத்தில் குவிந்துவிடாமல், பஸ் போய் வரும் தூரத்தில் அடுத்தடுத்து இருக்கும் ஊர்களில் பரவியிருக்கிறார்கள். இந்த வசதியை நாம் போதிய அளவு பயன்படுத்திக்கொள்வதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

இப்போது பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் வருகிறேன். "இங்கே நான் என்ன உடுத்துகிறேன், எத்தனை மணிக்கு வருகிறேன் என்று எனக்கு முன்னால் தெருவுக்குத் தெரிகிறது" என்று அவர் சொன்னதை எழுதிவிட்டு, "அவள் வயசு அப்படி" என்று நீங்கள் அடைப்புக்குறிக்குள் சேர்த்திருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். உங்கள் பட்டியலில் உள்ள எல்லாரையும்விட அவர் பேச்சைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் இன்னும் ஏழெட்டு ஆண்டுகளில் உங்கள் மகள் அவர் வயதில் நிற்பாள். நள்ளிரவில் சட்டையில்லாமல் ஓடிவருகிற அதே தெருதான், ஒரு பெண் யாரோடு பேசினாள், அந்தப் பையன் என்ன சாதி என்றும் விசாரிக்கிறது. உதவியை மட்டும் வைத்துக்கொண்டு விசாரணையை வேண்டாம் என்று சொல்ல நமக்கு இன்னும் வழி தெரியவில்லை. எனவே மகள் கல்லூரிக்கு வெளியூர் போக விரும்பினால், சென்னையோ கோவையோ, தயங்காமல் அனுப்புங்கள். சென்னைக்கு மாறுவதற்காக நீங்கள் செலவழிக்கத் தயாராக இருந்த பணத்தை, அவள் பெயரில் அஞ்சலகத்தில் மாதாமாதம் போட்டு வையுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். ஒரு மாதம் ஊரெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். தாளில் பதினொரு பேரின் பதில் இருக்கிறது. மாமியார் சொன்னது அதில் இல்லை, மகள் சொன்னது இல்லை. கணவரின் விருப்பம் என்ன என்பதுகூடக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. மூவரிடமும் தனித்தனியாக, அவசரமில்லாத ஒரு நேரத்தில் கேளுங்கள். மகள் சொன்னதை மட்டும் நீங்கள் திருத்தாமல், அவள் சொன்ன வார்த்தையிலேயே எனக்கு எழுதி அனுப்புங்கள்.