டான்சோன் எண் 2: சாஸ்திரிய இசையா, ஆட்ட இசையா?

திருகோணமலையில் பள்ளி பாண்ட் குழுவில் கிளாரினெட் வாசிக்கும் மகளுக்காகக் கேட்டிருக்கிறீர்கள்: மெக்சிக்கோ இசையமைப்பாளர் ஆர்த்துரோ மார்க்கெசின் 'டான்சோன் எண் 2' சாஸ்திரிய இசையா, ஆட்ட இசையா?

இரண்டும்தான். டான்சோன் கியூபாவில் பிறந்த ஜோடி நடனம். கடல்வழியே மெக்சிக்கோவுக்கு வந்து, வெராக்ரூஸ் துறைமுகத்தில் வேரூன்றியது. போர்த்துக்கேய வழிவந்த நம்மூர்ப் பறங்கியரின் கஃப்ரிஞ்ஞா ஆட்டமும் அப்படிக் கடல் கடந்து வந்ததுதானே! அந்த ஆட்டத்தின் பாணியில் மார்க்கெஸ் 1994இல் முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இதை எழுதினார்.

தொடக்கத்தை மட்டும் மகளைத் திரும்பத் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள். கிளாவே என்ற இரண்டு மரக்குச்சிகள் டக் டக் என்று தட்ட, அதன் மேல் கிளாரினெட் அவசரமே இல்லாமல் பாடும். அப்புறம் ஓபோ என்ற ஊதுகுழல் வந்து பேச்சுக் கொடுக்கும். மெட்டு பல இடங்களில் தாளத்தின் நேர் அடியில் விழாமல், சற்றுத் தள்ளி விழும். உடம்பு தானாக அசைவது அதனால்தான். பிறகு பித்தளை வாத்தியங்கள் சேர்ந்து வேகம் ஏறும், நடுவில் அடங்கும், மறுபடி பொங்கும். மெட்டு வாத்தியத்துக்கு வாத்தியம் கைமாறி, உருமாறித் திரும்புவதுதான் இதில் சாஸ்திரிய வேலை. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே.

மகள் பழகும்போது பக்கத்தில் ஒருவர் அந்தக் குச்சித் தாளத்தைத் தட்டட்டும். சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவியைவிட அது நன்றாகக் கைகொடுக்கும்.